யன்னல் கட்டை வழியாக ஒழுகிப் போகும் இலாபம்

வாடைக் காற்று வீசத் தொடங்கிய பிறகுதான் எங்களில் பலருக்கு யன்னல் ஞாபகம் வருகிறது. திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள தெருக்களிலே, குறிப்பாக உட்துறைமுக வீதிப் பக்கமும் பிரதான வீதிப் பக்கமும் உள்ள பழைய கடைகளையும் களஞ்சியங்களையும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துக் கொண்டு நடந்தால் ஒரு விடயம் விளங்கும். முன்பக்கத்திலே பெயர்ப்பலகை புத்தம் புதிதாகப் பளபளக்கும். அதற்கு மேலே, மாடி யன்னலின் அடியிலே வெளியே நீட்டிக் கொண்டிருக்கும் கட்டை மட்டும் கறுத்து, வெடித்து, பெயின்ட் உரிந்து, சில இடங்களில் செடியே முளைத்து நிற்கும்.

இது அழகு பற்றிய பிரச்சினை என்றால் இந்தப் பத்தியில் இடம்பெறத் தேவையில்லை. இது கணக்குப் புத்தகத்தோடு சம்பந்தப்பட்ட பிரச்சினை. யன்னல் நிலையின் அடிச்சட்டம் என்பது சுவரிலே விழும் மழைநீரைச் சுவருக்கு வெளியே தள்ளிவிடுவதற்காக வைக்கப்பட்டது. அது அந்த வேலையைச் செய்யாவிட்டால் தண்ணீர் சுவருக்குள்ளேதான் இறங்கும். சுவருக்குள்ளே இறங்கிய தண்ணீர் உட்பக்கம் அடுக்கி வைத்திருக்கும் அரிசி மூட்டையையும் மா மூட்டையையும் சீமெந்துப் பையையும் தேடி வரும். 50 கிலோ சீமெந்துப் பை ஒன்றின் அடிப்பக்கம் ஈரமாகிக் கட்டியானால் அதைத் திருப்பி அனுப்பவும் முடியாது, விற்கவும் முடியாது. பலசரக்கு வியாபாரிக்கு நான் சொல்லத் தேவையில்லை. சீனி மூட்டை ஈரமானால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

எமது பகுதியின் காலநிலை கொழும்பைப் போன்றதல்ல. கொழும்பில் மே மாதத்தில் கொட்டும் மழை எமக்கு வருவதில்லை. எமக்கு வருடத்து மழையில் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் வாடைக் காற்றோடு வந்து சேர்கிறது. அதுவும் நேராக மேலிருந்து விழும் மழையல்ல, காற்றடித்துச் சாய்ந்து வந்து சுவரிலே மோதும் மழை. ஓட்டுத் தாழ்வாரம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதைத் தடுக்காது. அதன் பிறகு மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று. உடம்பை எரிக்கும் உலர்ந்த காற்று. மழையில் ஊறிய மரம் கச்சானிலே காய்ந்து வெடிக்கிறது, அந்த வெடிப்புக்குள்ளே அடுத்த வாடையின் தண்ணீர் போகிறது. இப்படி ஊறுவதும் காய்வதுமாக நாலைந்து வருடம் போனால் எந்தக் கட்டையும் தாங்காது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டையே உலுக்கியபோது, ஏற்கனவே பலவீனமாக இருந்த யன்னல்கள் எவை என்பது எல்லோருக்கும் தெரிய வந்தது. புயல் அந்த யன்னல்களைப் பழுதாக்கவில்லை, பழுதாகிக் கிடந்ததைக் காட்டிக் கொடுத்தது.

இத்தோடு உப்பு வேறு. கடற்காற்றோடு வரும் உப்பு யன்னல் கட்டையிலே படிந்து, காற்றிலுள்ள ஈரத்தைத் தன்பால் இழுத்துக் கொண்டே இருக்கும். உப்பைக் கழுவாமல் அதன் மேலேயே பெயின்ட் அடித்தால் பெயின்டுக்குக் கீழே ஈரம் சேர்ந்து கொப்புளம் கிளம்பும். "அந்தக் கம்பனி பெயின்ட் சரியில்லை, ஆறு மாதத்தில் உரிந்துவிட்டது" என்று ஹாட்வெயார் கடைக்கு வந்து முறையிடுபவர்களில் அநேகருக்கு நான் கேட்கும் முதல் கேள்வி, "அடிக்க முன்னம் நல்ல தண்ணியால கழுவினீங்களா?" என்பதுதான். வள்ளத்துக்குப் பெயின்ட் அடிக்கும் மீனவச் சகோதரருக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. கரையிலே ஏற்றி, கழுவி, காயவைத்து, சுரண்டி, பிறகுதான் அவர் தூரிகையைத் தொடுவார். கடலோடு பிழைப்பவருக்குத் தெரிந்தது கடலுக்கு முன்னால் கடை வைத்திருப்பவருக்குத் தெரியாமல் இருக்கிறது.

மரம் பழையது என்பதால் உக்குவதில்லை. இதைப் பலர் தவறாக விளங்கி வைத்திருக்கிறார்கள். மரத்தை உக்கச் செய்வது ஒருவகைப் பூஞ்சணம். மரத்துக்குள் ஈரம் ஏறக்குறைய 20 வீதத்துக்குக் குறைவாக இருக்கும் வரைக்கும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. எமது ஊரின் பெயரைத் தாங்கிய கப்பல் ஒன்று இருக்கிறது. "எச்.எம்.எஸ். திருக்கோணமலை" என்ற அந்தப் போர்க்கப்பலை 1817 இல் பம்பாயிலே வாடியா குடும்பத்தினரின் துறையில் தேக்கு மரத்தால் கட்டினார்கள். 1990 இல் தொடங்கி 2001 வரை பத்து வருடங்களுக்கு மேலாக அதைத் திருத்தி எடுத்து, இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரிலே இன்றும் தண்ணீரில் மிதக்க விட்டிருக்கிறார்கள். இருநூறு வருடம் தாண்டிய மரம்! எமது கடை யன்னலுக்கு முப்பது வருடம் ஆனவுடன் "பழசாகிப் போச்சு, கழற்றி எறியுங்க" என்கிறோம்.

அதிலும் எங்கள் பழைய கட்டடங்களிலே போட்டிருப்பது சாதாரண மரமல்ல. முதிரை, பாலை, தேக்கு, பலா என்று இன்றைக்குத் தேடினாலும் அந்தத் தரத்தில் கிடைக்காத மரங்கள். சவண்டலை என்ற ஒரு மரம், சிங்களத்திலே ஹல்மில்ல என்பார்கள். ஆங்கிலேயர் காலத்தில் இந்த மரம் இங்கிருந்து சென்னைக்கு ஏற்றுமதியாகி, அங்கே அதற்குப் பெயரே "திருகோணமலை மரம்" என்றுதான் இருந்தது. சென்னைக் கடற்கரையில் அலையைத் தாண்டி ஆட்களையும் சாமான்களையும் இறக்கிய மசூலா படகுகளுக்கு அதைத்தான் பாவித்தார்கள். அப்படிப்பட்ட மரத்தாலான நிலையைக் கழற்றி விறகுக்குக் கொடுத்துவிட்டு, நேற்று அறுத்த ஈர மரத்தை வாங்கி மாட்டுவது வியாபாரமா? பழைய முதிரை நிலையைக் கழற்றுகிறோம் என்று கேள்விப்பட்டால் அதை வாங்க கொழும்பிலிருந்து ஆள் வருகிறது. அவர்களுக்கு அதன் பெறுமதி தெரியும்.

சரி, திருத்துவது எப்படி? பெரிய வித்தை ஒன்றுமில்லை. முதலில் ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்துக் கொண்டு ஒவ்வொரு யன்னலாகப் போய்க் கட்டையைக் குத்திப் பாருங்கள். கட்டை சுவரோடு சேரும் இரண்டு மூலைகளிலும், முன் விளிம்பிலும் முக்கியமாகக் குத்த வேண்டும். முனை இறங்காவிட்டால் மரம் நல்லது, பெயின்ட் வேலை மட்டும் போதும். கால் அங்குலம், அரை அங்குலம் இறங்கினால் அந்த இடத்தைச் சுரண்டி எடுத்து நிரப்ப வேண்டும. கையளவுக்கு மேல் பஞ்சு போல இருந்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்து அதே அளவில் நல்ல மரத்துண்டு ஒன்றைப் பொருத்த வேண்டும். முழு நிலையையும் மாற்ற வேண்டிய தேவை பத்தில் ஒன்றுக்குக் கூட வராது என்பது என் அபிப்பிராயம்.

சுரண்டும்போது ஒரு எச்சரிக்கை. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை 2011 இல் வர்த்தமானி மூலம் பெயின்டில் சேர்க்கக்கூடிய ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தி, அது 2013 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் அடித்த எனமல் பெயின்டுகளிலே ஈயம் கூடுதலாக இருந்திருக்க இடமுண்டு. எமது பழைய கடைகளில் பத்து அடுக்குப் பெயின்ட் இருக்கிறது, அதிலே எந்த அடுக்கு எந்த வருடத்தது என்று யாருக்குத் தெரியும்? ஆகவே உலர்ந்தபடி தேய்த்துத் தூசு கிளப்பாதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரமாக்கிச் சுரண்டுங்கள், கீழே பொலித்தீன் விரித்துச் சிராய்களைச் சேர்த்து எடுங்கள், நெருப்பு வைத்து உரிக்க வேண்டாம். வேலை நடக்கும் இடத்தில் பிள்ளைகளை விளையாட விடக் கூடாது. ஈயம் பெரியவர்களை விடச் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அதிகம் பாதிக்கும்.

உக்கிய பகுதியை எடுத்த பிறகு காயவிட வேண்டும். இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். காலையில் சுரண்டி, பகலில் பட்டி வைத்து, பின்னேரம் பெயின்ட் அடித்து, மஃரிபுக்கு முன்னர் கூலி வாங்கிக் கொண்டு போகும் ஆளைக் கெட்டிக்காரன் என்று நினைக்கிறோம். ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறார் அவர். கச்சான் காலத்திலே நல்ல வெயிலில் நாலைந்து நாள் திறந்தபடி விட்டாலே மரம் காய்ந்துவிடும். பிறகு பூஞ்சண மருந்து பூசி, சிறிய பள்ளங்களை இரண்டு கலவை சேர்த்துக் குழைக்கும் எபொக்சி பட்டியால் நிரப்பலாம். வள்ளம் கட்டுபவர்கள் பாவிப்பதும் அதே இனத்துச் சாமான்தான்.

மர யன்னலின் ஓட்டையிலே சீமெந்து அப்பும் பழக்கத்தை மட்டும் தயவு செய்து நிறுத்துங்கள். சீமெந்து மரத்தோடு ஒட்டாது. மரம் ஊறும்போதும் காயும்போதும் விரிந்து சுருங்கும், சீமெந்து அப்படியே நிற்கும். இரண்டுக்கும் நடுவில் மயிரிழை போல வெடிப்பு வரும், அதற்குள் போகும் தண்ணீர் வெளியே வர வழியில்லை. அடுத்த வருடம் பார்த்தால் சீமெந்துக் கட்டி அப்படியே இருக்கும், சுற்றியிருந்த மரத்தைக் காணோம். உட்சுவருக்குப் பூசும் வோல் பட்டியும் இதே கதைதான், மழை பட்டால் கரைந்து போகும்.

புதுத்துண்டு பொருத்தும்போது ஓடாவியிடம் இரண்டு விடயங்களைச் சொல்லுங்கள். ஒன்று சரிவு. கட்டையின் மேற்பக்கம் வெளியே பார்த்துச் சரிந்திருக்க வேண்டும், ஓர் அடி அகலத்துக்கு ஓர் அங்குலமாவது. மட்டமாக இருந்தால் தண்ணீர் நிற்கும், பின்பக்கம் சரிந்திருந்தால் சுவருக்குள்ளேயே போகும். மற்றது அடிப்பக்கக் காடி. கட்டையின் கீழ்ப்பக்கத்தில், முன் விளிம்பிலிருந்து அரை அங்குலம் உள்ளே, நீளத்துக்கு ஒரு சிறிய காடி இழுத்திருக்க வேண்டும். மேலே விழும் தண்ணீர் விளிம்பைச் சுற்றிக் கீழ்ப்பக்கமாக ஊர்ந்து சுவரை நோக்கிப் போகப் பார்க்கும், இந்தக் காடியிலே வந்ததும் தாண்ட முடியாமல் சொட்டிவிடும். பழைய ஓடாவிமார் இதை ஒருபோதும் தவற விட்டதில்லை. இன்றைக்கு இயந்திரத்தில் அறுத்து வரும் நிலைகள் பலவற்றிலே இந்தக் காடியே இல்லை. இருக்கும் காடியையும் பத்துத் தடவை பெயின்ட் அடித்து மூடி வைத்திருக்கிறோம். அதை ஒரு சிற்றுளியால் சுத்தம் செய்தாலே பாதி ஒழுக்கு நின்றுவிடும்.

பிறகு பிரைமர். மேற்பக்கம் மட்டுமல்ல, அடிப்பக்கம், முன்முகம், முக்கியமாக வெட்டுமுனை. மரத்தின் வெட்டுமுனை, தண்ணீரை உறிஞ்சும் குழாய்க் கட்டு மாதிரி. அந்த முனைக்கு இரண்டு தடவை பிரைமர் கொடுங்கள். பிரைமர் காய்ந்ததும் மெல்லிய சாண்ட் பேப்பரால் தேய்த்து, எனமல் இரண்டு பூச்சு, நடுவில் ஒரு நாள் இடைவெளி. உச்சி வெயிலில் அடிக்காதீர்கள். மேல்தோல் சட்டென்று காய்ந்து உள்ளே பச்சையாகவே இருக்கும். கச்சான் மணலை வாரி வீசும் பின்னேரங்களிலும் வேண்டாம். காலையில் பனி ஈரம் உலர்ந்த பிறகு, வெயில் ஏறுமுன் செய்வதே நல்லது.

செலவுக்கு வருவோம். நாலு அடி நீளமான ஒரு கட்டையின் மேல், முன், கீழ் எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 5 சதுர அடி. ஒரு லீட்டர் எனமல் ஒரு பூச்சுக்கு ஏறக்குறைய 10 சதுர மீற்றர், அதாவது 100 சதுர அடிக்கு மேல் வரும். இரண்டு பூச்சு என்று வைத்தாலும் ஒரு லீட்டரில் பத்து யன்னல் முடியும். அதோடு ஒரு லீட்டர் பிரைமர், கொஞ்சம் எபொக்சி, ஓடாவிக்கு இரண்டு மூன்று நாள் கூலி. இதைப் பின்போட்டால் நிலையைக் கழற்ற வேண்டும், கழற்றினால் சுவர் உடையும், உடைந்தால் மேசன் வேண்டும், பூச்சு வேண்டும், சுவர் முழுக்கப் பெயின்ட் வேண்டும். மாடி என்றால் சாரம் கட்ட வேண்டும். அத்தனை நாளும் கடையின் முன்பக்கம் மறைந்து கிடக்கும். 2022 இல் 200 ரூபாவாக இருந்த டொலர் ஓரிரு மாதத்தில் 360 ரூபாவுக்குப் போனதை நாம் பார்த்தோம். பெயின்ட், அலுமினியம், கண்ணாடி எல்லாம் டொலரோடு கட்டப்பட்ட சாமான்கள். ஏற்கனவே சுவரில் இருக்கும் மரம் ஒன்றுதான் டொலர் ஏறினாலும் விலை கேட்காது.

"அலுமினியம் போட்டால் இந்தத் தொல்லை இல்லையே" என்பவர்கள் உண்டு. ஹாட்வெயார்காரன் என்ற முறையில் நான் அதை விற்கவும் செய்கிறேன், குறை சொல்லவில்லை. ஆனால் அலுமினிய யன்னலுக்குக் கீழேயும் ஒரு சீமெந்துக் கட்டு இருக்கத்தான் செய்கிறது. யன்னலும் கட்டும் சேரும் இடத்தில் வைத்த சிலிக்கன் வெயிலில் காய்ந்து விலகும், சாதாரண இரும்பு ஸ்குரூ போட்டிருந்தால் உப்புக் காற்றிலே அது முதலில் துருப்பிடிக்கும். சீமெந்துக் கட்டிலும் சரிவு வேண்டும், காடி வேண்டும். வெடிப்பு வந்தால் உள்ளேயிருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்துக் கொன்கிரீட்டையே பிளந்துவிடும். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் காய்ந்தபடி தூரிகையால் தட்டி எடுத்து, பிறகு நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். புதிதாகப் பூசிய சீமெந்துக்கு ஒரு மாதமாவது கழித்துத்தான் பெயின்ட்.

இவ்வளவும் தெரிந்தும் ஏன் செய்வதில்லை? என்னுடைய பார்வையில் பணம் இதற்குக் காரணமல்ல. அந்த யன்னல் யாருடையது என்பதிலேதான் சிக்கல். துறைமுகப் பக்கத்துப் பழைய கடைகளில் பெரும்பாலானவற்றில் வியாபாரம் செய்பவர் வேறு, சொந்தக்காரர் வேறு. 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் பழைய வாடகைக்காரரை இலகுவில் எழுப்ப முடியாதபடியும் வாடகையை இஷ்டம் போல் கூட்ட முடியாதபடியும் பாதுகாத்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் அதன் பலனாக, நாற்பது வருடத்துக்கு முந்திய வாடகையைப் பெறும் சொந்தக்காரருக்குக் கட்டடத்தில் ஒரு ஆணி அடிக்கவும் மனம் வருவதில்லை. எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு கடைக்காரர், "ஹாஜியார், மேல் யன்னல் கட்டை உக்கிட்டுது, கொஞ்சம் பார்த்துச் செஞ்சு தாங்க" என்று கேட்டார். "நீங்க தாற வாடகைக்கு நான் யன்னலும் செய்யணுமா வாப்பா?" என்று பதில் வந்தது. இவர் பேசாமல் இருந்துவிட்டார், அவரும் பேசாமல் இருந்துவிட்டார். மூன்றாவது வாடையில் யன்னலுக்குக் கீழே சுவர்ப் பூச்சு இரண்டு முழ நீளத்துக்கு விழுந்தது, அடியில் இருந்த பதினைந்து மூட்டை அரிசி நனைந்தது. நட்டம் கடைக்காரருக்கு. நிலையும் சுவரும் மாற்றிய செலவு சொந்தக்காரருக்கு. இருவரிடமும் நியாயம் இருந்தது, ஆனால் அது அரிசியைக் காய வைக்கவில்லை.

என் கருத்து இதுதான். இப்படிச் சிறிய வேலையை உள்ளே இருப்பவரே செய்ய வேண்டும், ஏனென்றால் நனைவது அவருடைய சரக்கு. செய்யுமுன் சொந்தக்காரருக்கு ஒரு துண்டுக் கடிதம் எழுதி, "இன்ன வேலை, இன்ன செலவு, வாடகையில் கழித்துக் கொள்ளலாமா?" என்று கேட்டு அவருடைய கையொப்பத்தை வாங்கிக் கொள்ளுங்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். வாய்ப் பேச்சு வேண்டாம், பிள்ளைகளின் காலத்தில் அதுதான் வழக்காக மாறுகிறது. சொந்தக்காரர்களும், நாற்பது வருடத்துக் கோபத்தை ஒரு யன்னல் கட்டையில் காட்ட வேண்டாம். உக்குவது உங்களுடைய முதல்.

பள்ளிவாசல்களுக்குச் சொந்தமான வக்பு கடைகளின் நிலை இதைவிட மோசம். சொந்தக்காரர் என்று ஒரு ஆள் இல்லாததால் கேட்கவும் ஆளில்லை. நம்பிக்கையாளர் சபைகள் மூன்று வருடத்துக்கு ஒரு தடவை மாறுகின்றன, யன்னல் கட்டை யாருடைய தவணையிலும் வருவதில்லை. யாரோ ஒரு பெரியவர் அல்லாஹ்வுக்காகக் கொடுத்துச் சென்ற சொத்து, பராமரிப்பில்லாமல் பெறுமதி இழந்து போவதற்கு யார் பொறுப்புச் சொல்வது? வருடத்தில் ஒரு நாள், ஜூன் மாதத்தில், ஒரு ஓடாவியையும் ஒரு மேசனையும் கூட்டிக் கொண்டு எல்லாக் கடைகளையும் சுற்றிப் பார்த்து ஒரு பட்டியல் எடுத்தால் போதும். பத்துக் கடைக்கும் ஒன்றாகப் பெயின்ட் வாங்கினால் மொத்த விலைக்கும் கிடைக்கும்.

யுத்த காலத்துப் பழக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நாளைக்கு இந்தக் கடையில் இருப்போமா என்று தெரியாத காலத்தில் யார் யன்னல் திருத்துவார்? 2006 ஆகஸ்டில் மூதூர் மக்கள் உடுத்த உடையோடு கந்தளாய்க்குப் போனார்கள், அவர்களிடம் போய் நாம் பெயின்ட் பற்றிப் பேச முடியாது. ஆனால் 2009 க்குப் பிறகு பிறந்த பிள்ளை இன்று ஓ.எல். எழுதிவிட்டது. நாம் இன்னும் "இப்போதைக்கு ஒரு பொலித்தீனைக் கட்டுங்க" என்றே இருக்கிறோம்.

இன்னொன்று, பெருநாளுக்குப் பெயின்ட் அடிக்கும் வழக்கம். அது நல்ல வழக்கம்தான், ஆனால் பிறைக் கணக்கு வருடத்துக்குப் பதினொரு நாள் முன்னுக்கு நகர்கிறது. 2000 த்தை அடுத்த வருடங்களில் நோன்புப் பெருநாள் நவம்பரிலும் டிசெம்பரிலும் வந்தது, நடு மழையில் ஈரச் சுவருக்கு நிறம் அடித்தோம், அடுத்த பெருநாளுக்கு முன்னமே அது உரிந்தது. 2026 இல் பெருநாள் மார்ச் மாதத்துக்கு வந்திருக்கிறது. இன்னும் சில வருடங்களில் பெப்ரவரி, 2030 க்குப் பிறகு ஜனவரி, அதன் பின்னர் மீண்டும் டிசெம்பர். அந்தக் காலத்தில் பெருநாளுக்கு உள்ளே மட்டும் அடித்துக் கொள்வோம். வெளி யன்னல் வேலையைக் கச்சானிலேயே முடித்து வைக்க வேண்டும்.

ஆகவே குத்திப் பார்க்கும் வேலையை மே, ஜூனில் செய்து, ஓடாவியை ஜூலைக்கு முன்னரே பேசி வையுங்கள். செப்டெம்பர் கடைசியில் கிழக்கே மேகம் கறுத்த பிறகு எல்லோரும் ஒரே நாளில் ஓடாவியைத் தேடுவார்கள். நல்ல ஓடாவி அப்போது கிடைக்கமாட்டார். கிடைப்பவர் ஓட்டைக்குள் சீமெந்தை அப்பி, மேலே ஒரு பூச்சு எனமல் இழுத்துவிட்டு, முழுக் கூலியையும் வாங்கிக் கொண்டு போவார்.